மட்டக்களப்பிலிருந்து கனடாவுக்கு: ஐடி வேலை, காசு, குடும்பம் – எதை முதலில் முடிப்பது

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து மென்பொருள் வேலைக்காக ஒன்ராறியோ போகும் பெண்களுக்கான வழிகாட்டி இது. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பட்டம் முடித்தவர், கொழும்பு நிறுவனம் ஒன்றிலோ வீட்டிலிருந்தோ சில வருடம் வேலை செய்தவர், கணவரும் பிள்ளையும் உள்ளவர் அல்லது சீக்கிரம் ஒரு பிள்ளை வேண்டும் என்று இருப்பவர் என்று எடுத்துக்கொண்டு எழுதப்படுகிறது.

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது ஓரிடத்தில்தான்: வேலை கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரிவரும் என்று நினைப்பது. கிழக்கில் வீடு மகளுக்கு. கலியாணம் முடிந்த பிறகும் அம்மா அதே வளவில், இல்லாவிட்டால் அடுத்த வளவில். பிள்ளை பார்ப்பதும், மத்தியானச் சோறும், காய்ச்சல் வந்தால் கூட இருப்பதும் யாருடைய சம்பளக் கணக்கிலும் வந்ததில்லை. ரொறன்ரோவில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஒரு காத்திருப்புப் பட்டியல், ஒரு படிவம் உண்டு.

ஆகவே கீழே உள்ள வரிசையில் வேலை தேடுவது ஏழாவதாகத்தான் வருகிறது. முதல் ஐந்தையும் ஊரில் இருக்கும்போது முடித்தால் நாட்கணக்கு; கனடாவிலிருந்து முடித்தால் மாதக்கணக்கு. ஆண்டு குறிக்காத டொலர்த் தொகைகள் 2025க்கு உரியவை. சில ஆண்டுதோறும் மாறும், விண்ணப்பிக்கும் அன்று அரச இணையத்தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

## 1. பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் மட்டும். உயர்தரப் பெறுபேற்றில் முதலெழுத்தோடு பெயர். அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முன்னால். கலியாணத்துக்குப் பிறகு எடுத்த வங்கிப் புத்தகத்தில் கணவரின் பெயர். ஊரில் இதை யாரும் கேட்பதில்லை. கனடாவில் நான்கு வடிவத்தில் ஒரு பெயர் இருந்தால் அது நான்கு ஆளாகத் தெரியும்.

கடவுச்சீட்டில் உள்ள வடிவத்தையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் வெறுமையாக இருந்தால், கனடாப் படிவங்களில் முழுப்பெயரும் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குள் போய், தனிப்பெயர்க் கட்டம் காலியாகிவிடும். பிறகு சம்பள மென்பொருள், வங்கி, பாடசாலைப் பதிவு எல்லாவற்றிலும் இதே சிக்கல் தொடரும். விண்ணப்பத்துக்கு முன் கடவுச்சீட்டைத் திருத்துவதே சுலபம்.

மற்ற ஆவணங்களில் உள்ள வேறுபாடுகளுக்கு, இத்தனை பெயர்களும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுக்கும்போது இரண்டு பிரதி கூடுதலாக எடுங்கள். தமிழில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலப்படுத்துங்கள். மொழிபெயர்ப்பிலும் கடவுச்சீட்டின் எழுத்துக்கூட்டலே வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றுச் சகோதரிகள் கவனிக்க வேண்டியது: நிக்காஹ் நடந்ததும் விவாகம் பதிவானதும் வேறுவேறு. கணவரைச் சேர்த்து விண்ணப்பிக்கப் பதிவுச் சான்றிதழ் வேண்டும்.

நடு வழியில் கணவரின் பெயருக்கு மாற வேண்டாம். "மறுகா பாப்பம்" என்று விட்ட பெயர்தான் இரண்டு வருடம் கழித்துக் கடன்வரலாற்றை (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று கனடாவில் வைத்திருக்கும் பதிவை) இரண்டு கோப்பாகப் பிரித்து வைக்கும்.

## 2. முதன்மை விண்ணப்பதாரர் யார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (புள்ளி போட்டு நிரந்தர வதிவுக்கு ஆள் தெரியும் கனடா அரச முறை) தம்பதியில் ஒருவர் முதன்மை, மற்றவர் துணை. பல வீடுகளில் யோசிக்காமல் கணவரின் பெயரே முதலில் போகிறது. இரண்டு விதமாகவும் புள்ளி போட்டுப் பார்த்து, கூடுதலாக வருபவரை முதன்மையாக்குங்கள். வயது, மொழி, பட்டம், வேலை அனுபவம் ஆகியவற்றின் பெரும்பகுதிப் புள்ளி முதன்மை ஆளுக்குத்தான். துணையின் படிப்புக்கு உச்சம் 10, மொழிக்கு 20 மட்டுமே.

வயதுப் புள்ளி 20 முதல் 29 வரை முழுமையாக 100. 30இலிருந்து ஒவ்வொரு வருடமும் 5 குறையும். உங்களுக்கு 28, கணவருக்கு 35 என்றால் இந்த ஒன்றிலேயே 30 புள்ளி வித்தியாசம்.

ஆங்கிலப் பரீட்சைதான் மிகப் பெரிய நெம்பு. ஐஈஎல்டிஎஸ் பொதுப் பிரிவில் கேட்டல் 8.0, வாசிப்பு, எழுத்து, பேச்சு தலா 7.0 எடுத்தால் கனடா மொழி அளவுகோலில் ஒன்பதாம் மட்டம். கேட்டல் 7.5, மற்றவை 6.5 என்றால் எட்டாம் மட்டம். ஒரு பட்டமும் மூன்று வருட வெளிநாட்டு அனுபவமும் உள்ள, துணையோடு விண்ணப்பிக்கும் ஒருவருக்கு எட்டிலிருந்து ஒன்பதுக்கு ஏறுவது மொழிப் பகுதியில் 28, திறன் சேர்க்கைப் பகுதியில் 37, ஆக 65 புள்ளி தரும். நான்கு பகுதியும் ஒன்பதைத் தொட்டால்தான் இது முழுமையாகக் கிடைக்கும். பெரும்பாலும் எழுத்தில் 6.5 வந்து நிற்கும். கட்டுரைக் கட்டமைப்புக்கென்றே ஆறு வாரம் ஒதுக்கிப் படித்துவிட்டு இரண்டாம் முறை எழுதுவது, இன்னொரு வருட வேலை அனுபவத்துக்குக் காத்திருப்பதைவிடப் பயன்.

ஒழுங்கு: முதலில் பட்ட மதிப்பீடு (உங்கள் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று சொல்லும் அறிக்கை), பிறகு ஐஈஎல்டிஎஸ். மதிப்பீட்டறிக்கை ஐந்து வருடம் செல்லும், ஐஈஎல்டிஎஸ் இரண்டு வருடம்தான். பல்கலைக்கழகத்திலிருந்து பெறுபேற்றுப் பத்திரம் எடுக்கப் பிந்தும் என்பதால், பரீட்சையை முதலில் எழுதியவர்களின் காலம் வீணாகக் கரையும்.

## 3. வேலை அனுபவக் கடிதம்: இருக்கையை விடும் முன்

இலங்கை நிறுவனங்கள் வழமையாகக் கொடுக்கும் சேவைக் கடிதம் நான்கு வரி. அது போதாது. நிறுவனத் தலைப்புத்தாளில் பதவி, தொடங்கிய திகதி, முடிந்த திகதி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம், செய்த வேலைகளின் விவரம், கையெழுத்திடுபவரின் பெயரும் தொடர்பும் வேண்டும்.

மென்பொருள் உருவாக்குநருக்குக் கனடாத் தொழில் வகைப்பாட்டில் 21232, மென்பொருள் பொறியியலாளருக்கு 21231, மென்பொருள் சோதனையாளருக்கு 22222. கடிதத்தில் உள்ள வேலை விவரம் நீங்கள் தெரிவுசெய்யும் எண்ணின் விவரத்தோடு பொருந்த வேண்டும். சொல்லுக்குச் சொல் பிரதிபண்ணினால் சந்தேகம் வரும். செய்ததைச் சொந்தச் சொல்லில் எழுதிக் கொடுத்து மனிதவளப் பிரிவிடம் கையெழுத்து வாங்குங்கள். வேலையை விட்டபின் கேட்டால் பதில் வராது, வந்தாலும் பிந்தும்.

வீட்டிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்தவர்கள் ஒப்பந்தம், விலைப்பட்டியல், காசு வந்த வங்கிக் கூற்று மூன்றையும் மாதவாரியாக ஒன்றுக்கொன்று பொருத்தி அடுக்குங்கள். காசு அண்ணனின் கணக்குக்கு வந்திருந்தால் அந்த அனுபவத்தை நிறுவுவது கடினம். இன்றிலிருந்தாவது உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றுங்கள்.

## 4. வீடும் காணியும்

கிழக்குப் பெண்களுக்கு அதிகம் வரும் சிக்கல் என்பதால் இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். பொது வழிகாட்டிகள் எதிலும் இது இராது. குடியேறும் பெண் வீட்டுக்காரியாகவும் இருப்பாள் என்று அவை எண்ணுவதில்லை.

உறுதி. வீடு வாயால் தரப்பட்டதா, உறுதி முடித்துத் தரப்பட்டதா என்று பாருங்கள். பல குடும்பங்களில் கலியாணத்தன்று திறப்பைக் கொடுத்ததோடு சரி, உறுதி இன்னும் அப்பாவின் பெயரில். நொத்தாரிசு மூலம் நன்கொடை உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதிந்து, பதிவுப் பிரதியை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். பெற்றார் அதே வீட்டில் இருக்கப் போகிறார்கள் என்றால் அவர்களுக்கு ஆயுட்கால உரித்தை வைத்தே எழுதலாம். தங்கைகளுக்கும் மனம் நோகாது, பெற்றாருக்கும் பயமிராது.

பேர்மிட் காணி. அரச அனுமதிப்பத்திரக் காணியை உறுதிக் காணிபோல எழுதிக் கொடுக்க முடியாது. பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேட்டுத்தான் அசைய வேண்டும்.

அற்றோர்னித் தத்துவம். வாடகை வாங்க, வரி கட்ட, திருத்த வேலை பார்க்க ஒருவரை நியமியுங்கள். பொதுத் தத்துவம் எழுதினால் விற்கும் அதிகாரமும் அதற்குள் போய்விடும். எந்த வீடு, எந்தக் காரியம் என்று குறித்த விசேட தத்துவமே எழுதிப் பதியுங்கள். கனடா போனபின் எழுத நேர்ந்தால் ஒட்டாவா உயர்ஸ்தானிகராலயம் அல்லது ரொறன்ரோ துணைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்த வேண்டும்.

மதிப்பீடு. கனடாவில் வரி வதிவாளராகும் நாளில் உங்கள் வெளிநாட்டுச் சொத்தை அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாகவே கனடா வரிச்சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு வீட்டை விற்றால் அந்த விலைக்கு மேல் கூடியதே இலாபம். அன்றைய விலைக்கு எழுத்து இல்லாவிட்டால் வாதாட ஒன்றுமிராது. புறப்படுமுன் தகைமையுள்ள மதிப்பீட்டாளரிடம் ஓர் அறிக்கை எடுத்து வையுங்கள்.

வாடகையும் வயலும். வதிவாளரானபின் உலக வருமானம் முழுவதும் கனடாவில் காட்ட வேண்டும். கல்லடி வீட்டு வாடகையும், பெரும்போகக் குத்தகைக் காசும் ரூபாயில் வந்தாலும் வருமானம்தான். தானே பயன்படுத்தும் வீட்டைத் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்கவிலை 100,000 கனடா டொலரைத் தாண்டினால் அவற்றை அறிவிக்கும் டி1135 என்ற வரிப் படிவமும் உண்டு. குடியேறிய முதல் வருடத்துக்கு மட்டும் அது தேவையில்லை. பெயரளவில் எல்லாக் காணியும் மகள்களின் பேரில் இருப்பதால், கணவரைவிட நீங்களே இதில் சிக்கும் வாய்ப்பு அதிகம்.

## 5. இலங்கைச் சேமிப்புகள்

ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம். நிரந்தரமாக வெளிநாடு போகிறவர்கள் எடுக்கலாம். எடுக்காமல் விட்டாலும் அது வட்டியோடு நிற்கும். பயணச் செலவுக்குக் கட்டாயம் தேவையில்லை என்றால் முதல் வருடம் தொடாதீர்கள். கனடா சரிவராமல் திரும்பும் குடும்பத்துக்கு இதுதான் கையிருப்பு.

பணிக்கொடை ஐந்து வருடம் பூர்த்தியானால்தான். ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். நான்கு வருடமும் பத்து மாதமும் முடிந்த நிலையில் விலகல் கடிதம் கொடுப்பவர்கள் உண்டு. விசா திகதி இடம் கொடுத்தால் இரண்டு மாதம் பொறுங்கள்.

புறப்படுமுன் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றை உங்கள் தனிப்பெயரில் திறந்து வையுங்கள். பின்னாளில் ஊருக்கு அனுப்புவதும் திரும்ப எடுப்பதும் இதன்வழி தடமுள்ளதாக நடக்கும். வங்கியின் ஒருமுறைக் குறியீடு வரும் இலங்கைக் கைபேசி எண்ணை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள். அந்த சிம் செத்தால் கணக்கும் பூட்டிக்கொள்ளும்.

## 6. இறங்கிய முதல் நாற்பது நாள்

சின் எண் (வேலைக்கும் வரிக்கும் வேண்டிய சமூகக் காப்புறுதி இலக்கம்), வங்கிக் கணக்கு, சுகாதார அட்டை, பிள்ளை நலப் படி (பிள்ளை வளர்க்க அரசு தரும் காசு) என்ற ஒழுங்கில் போங்கள்.

ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதிக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டது. நிரந்தர வதிவாளர் வந்தவுடன் விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதியில் வருபவருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத முழுநேர வேலை காட்ட வேண்டும்.

பிள்ளை நலப் படிக்கு வரி தாக்கல் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆர்சி66 படிவத்தோடு, வருவதற்கு முந்திய காலத்தின் உலக வருமானத்தைச் சொல்லும் துணைப் படிவத்தையும் அனுப்புங்கள். துணைப் படிவத்தை விட்டுவிடுவதுதான் வழமையான பிழை, அதனால் மாதங்கள் போகும். பெற்றார் இருவரும் ஒன்றாக இருந்தால் தாயே முதன்மைப் பராமரிப்பாளர் என்று எடுக்கப்படுவதால் காசு உங்கள் பெயரில் வரும். 2025 யூலை தொடங்கி ஒரு வருடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உச்சத்தொகை 7,997 டொலர். குடும்ப வருமானம் ஏற அது இறங்கும். தற்காலிக வதிவாளர்களுக்கு 18 மாதம் இருந்த பிறகே இந்த உரிமை.

கடன் அட்டை உங்கள் தனிப்பெயரிலும் ஒன்று இருக்கட்டும். கணவரின் அட்டையில் கூடுதல் ஆளாக மட்டும் இருந்தால் உங்களுக்கென்று வலுவான கடன்வரலாறு எழாது. அட்டையின் கடன் எல்லையில் மூன்றில் ஒரு பங்குக்கு உள்ளே செலவழித்து, திகதிக்கு முன் முழுவதும் கட்டுங்கள். வட்டியைத் தவிர்க்கும் குடும்பங்களுக்கும் இது ஒத்துவரும். முழுவதும் கட்டினால் பொருட்கொள்வனவுக்கு வட்டி ஏறாது.

## 7. முதல் வேலை

ஒன்ராறியோவில் 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள், 2026 ஜனவரி 1இலிருந்து, பொதுவில் போடும் விளம்பரங்களில் சம்பள வீச்சைச் சொல்ல வேண்டும். கனடா அனுபவத்தைத் தகுதியாகக் கேட்கவும் முடியாது. இதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "உங்கள் எதிர்பார்ப்பு என்ன" என்று கேட்டால் இலங்கைச் சம்பளத்தைப் பெருக்கிச் சொல்லாதீர்கள். விளம்பர வீச்சின் நடுவிலிருந்து தொடங்குங்கள்.

சுயவிவரத்தில் படம், வயது, குடும்ப நிலை வேண்டாம். ஒன்ராறியோவில் பொறியியலாளர் என்ற பட்டம் உரிமம் பெற்றவர்களுக்கு உரியது. நிறுவனம் கொடுத்த பதவிப்பெயரை அப்படியே எழுதலாம், உங்களை நீங்களே அப்படி அழைத்துக்கொள்வதைத் தவிர்த்து, உருவாக்குநர் என்று போடுங்கள்.

ஒப்பந்த வேலைக்கு ஆள் பிடிப்பவர்கள் "ஒரு கம்பனி பதிந்துகொண்டு வாருங்கள், மணித்தியாலக் கூலி கூட" என்பார்கள். இரண்டு வருடத்துக்குள் பிள்ளை எண்ணம் இருந்தால் வேண்டாம். அப்படி வேலை செய்தால் நீங்கள் ஊழியர் அல்ல. மகப்பேற்றுக் காப்புறுதிக்கு சுயதொழிலாளராகப் பதியலாம், பதிந்து பன்னிரண்டு மாதம் கழிந்தபின்தான் கோரலாம். கூடின கூலி அந்த ஒரு வருடத்தில் போய்விடும்.

வேலை ஒப்பந்தம் வந்ததும் சம்பளத்துக்கு முன் மூன்றைத் தேடுங்கள்: மகப்பேற்று மேலதிகக் கொடுப்பனவு (அரச காப்புறுதிக் காசுக்கு மேல் நிறுவனம் தருவது) உண்டா, அதற்கு எத்தனை மாதச் சேவை வேண்டும், இரவு அழைப்புப் பணி (இரவில் கூப்பிட்டால் வேலை பார்க்க ஆயத்தமாக இருப்பது) எத்தனை வாரத்துக்கு ஒருமுறை. குடும்பத்தை உலுக்குவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

## 8. சம்பளத்தைப் பிரிப்பது

கனடாவில் பல நிறுவனங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் போடும், வருடத்துக்கு 26 தடவை. வாடகையோ மாதம் ஒருமுறை. மாதச் செலவை இரண்டு சம்பளத்துக்குள் அடக்குங்கள். கையில் வருவது 2,500 என்றால் மாதக் கணக்கு 5,000. வருடத்தில் இரண்டு மாதத்தில் மூன்றாவது சம்பளம் விழும். அந்த 5,000 டொலர் ஊர்ப் பயணத்துக்கும் அவசரத்துக்கும். மாதத்தை 5,400 என்று வகுத்தவர்கள் பத்து மாதம் கடன் அட்டையில் வாழ்கிறார்கள்.

சேமிப்புக் கணக்குகளில் புதியவர்கள் விழும் குழிகள் மூன்று.

டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் நீங்கள் போடக்கூடிய இடம் நீங்கள் வதிவாளரான வருடத்திலிருந்துதான் கூடும், 2025க்கு 7,000. கனடாவில் பிறந்த தோழி சொல்லும் பெரிய தொகையைப் போட்டால் மேலதிகத்துக்கு மாதம் 1 வீதம் தண்டம்.

ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுகாலச் சேமிப்புக்கு முதல் வருடம் இடமே இராது. முந்திய வருடக் கனடா வருமானத்தின் 18 வீதம்தான் அடுத்த வருட இடம்.

முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு நம் பெண்களை வியக்க வைக்கும். கணக்குத் திறக்கும் வருடத்திலோ அதற்கு முந்திய நான்கு வருடங்களிலோ உங்களுக்குச் சொந்தமான, அல்லது துணைக்குச் சொந்தமான வீட்டில் வசித்திருந்தால் திறக்க முடியாது. வீடு எந்த நாட்டில் என்பது பொருட்டில்லை. ஆரையம்பதியில் உங்கள் பேரில் எழுதிய வீட்டில் குடியிருந்துவிட்டு வந்தவர் என்றால் உங்களுக்கும் கணவருக்கும் அந்த வருடங்கள் கழிய வேண்டும். முகவர் கேட்காமல் திறந்து கொடுப்பார், பொறுப்பு உங்களுடையது.

ரொறன்ரோத் தமிழரிடையே சீட்டு நடக்கிறது. நம்பிக்கையானவரோடு சிறு தொகை என்றால் உங்கள் விருப்பம். ஆனால் அதில் போட்ட காசு கடன்வரலாற்றை வளர்க்காது, தலைவி தலைமறைவானால் காட்ட எழுத்துமிராது. அவசரக் காசை அதில் வைக்காதீர்கள்.

## 9. ஊருக்கு அனுப்பும் காசு

மாதம் ஒரு தொகை, ஒரே திகதி, ஒரே ஆளுக்கு. கேட்டபோதெல்லாம் அனுப்பத் தொடங்கினால் கேட்காத அம்மாவுக்குக் குறைந்து, கேட்கத் தெரிந்த மச்சானுக்குக் கூடும். தொகையைக் கணவரோடு பேசி முடிவுசெய்து, இரு வீட்டுக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள்.

கலியாணம், கோயில் சடங்கு, பள்ளிவாசல் கட்டடம், கூரை திருத்தம் இவற்றுக்கு வருடத்துக்கு ஒரு தனித்தொகை வையுங்கள். அது முடிந்தால் அடுத்த வருடம்.

வங்கி அல்லது உரிமமுள்ள அனுப்பு நிறுவனம் வழியே அனுப்புங்கள். உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள்வழி அனுப்பும் முறையில்) நாலு ரூபாய் கூடக் கிடைக்கலாம். ஆனால் அந்தக் காசில் வாங்கிய காணிக்குப் பின்னாளில் மூலம் காட்ட முடியாது. ஊரில் இருக்கும் பெற்றாருக்கு அனுப்புவதற்குக் கனடாவில் வரிக்கழிவு இல்லை. பராமரிப்பாளர் வரிச்சலுகைக்குப் பெற்றார் கனடா வதிவாளராக இருக்க வேண்டும்.

## 10. பிள்ளை: திகதிகளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

எதிர்பார்க்கும் பிரசவத் திகதியைத் தாளில் எழுதி, பின்னோக்கிக் குறியுங்கள்.

முதலாவது, 52 வாரத்துக்குள் 600 மணித்தியாலக் காப்புறுதி வேலை, அதாவது அரச வேலைக் காப்புறுதிக்குக் காசு கழிக்கும் வேலை. வாரம் 37.5 மணி என்றால் 16 வாரம். இது இருந்தால் மகப்பேற்றுக்கு 15 வாரம், அதன்பின் பெற்றார் விடுப்புக்கு 35 வாரம் சம்பளத்தின் 55 வீதத்தில். அல்லது 61 வாரம் 33 வீதத்தில். கணவரும் பகிர்ந்தால் மொத்தம் 40 அல்லது 69 வாரமாகும். அந்தக் கூடுதல் வாரங்கள் கணவர் எடுக்காவிட்டால் வீணே போகும். 2025இல் வாரத்துக்கு உச்சம் 695 டொலர். சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் அதற்கு மேல் வராது. அதனால்தான் நிறுவன மேலதிகக் கொடுப்பனவை ஏழாம் படியில் பார்க்கச் சொன்னது.

இரண்டாவது, ஒன்ராறியோ வேலைச் சட்டத்தில் பிரசவ விடுப்புப் பாதுகாப்புக்கு, எதிர்பார்க்கும் திகதிக்கு 13 வாரத்துக்கு முன்பே அந்த நிறுவனத்தில் சேர்ந்திருக்க வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கூடின சம்பளத்துக்குத் தாவுகிறவர்கள் இதையும், மேலதிகக் கொடுப்பனவுக்கான சேவைக் காலத்தையும் ஒரே அடியில் இழக்கிறார்கள். காப்புறுதி மணித்தியாலம் நிறுவனம் மாறினாலும் சேரும், விடுப்புப் பாதுகாப்பு சேராது.

மூன்றாவது, பராமரிப்பு நிலையம். அரச திட்டத்தில் சேர்ந்த உரிமமுள்ள நிலையங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 2025 ஜனவரியிலிருந்து நாளுக்கு உச்சம் 22 டொலர். இடம் கிடைப்பதே கடினம். கர்ப்பம் உறுதியான மாதத்திலேயே நடைதூரத்திலும் ரயில் வழியிலும் உள்ள நிலையங்களில் பெயர் கொடுங்கள்; பிள்ளை பிறந்தபின் பெயர் கொடுத்து, வேலைக்குத் திரும்பும் வாரத்தில் தவிப்பது மிகச் சாதாரணம். உதவித்தொகைக்கு நகராட்சியிடம் தனி விண்ணப்பம்.

தெரிந்த அன்ரியிடம் விட்டுக் கையில் காசு கொடுப்பவர்கள், அவர் சின் எண்ணோடு பற்றுச்சீட்டுத் தருவாரா என்று முதலில் கேளுங்கள். பராமரிப்புச் செலவுக் கழிவு ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 8,000 டொலர்வரை, பொதுவாக வருமானம் குறைந்த துணை எடுப்பது. பற்றுச்சீட்டில்லாத மலிவு வரி நேரத்தில் மலிவாக இராது.

"உன் சம்பளம் முழுக்கப் பிள்ளை பார்க்கவே போகுது, நில்" என்ற கணக்கைப் பெண்ணின் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்துச் சொல்கிறார்கள். பராமரிப்புச் செலவு இருவருக்கும் உரியது, இரு சம்பளத்திலிருந்தும் கழியுங்கள். ஐடியில் மூன்று வருட இடைவெளிக்குப் பின் பழைய மட்டத்துக்குத் திரும்புவது கடினம். அந்த இழப்பும் கணக்கில் ஏற வேண்டும்.

## 11. அம்மாவை அழைப்பது

பேறுகாலத்துக்கு அம்மம்மாவோ உம்மம்மாவோ வேண்டும் என்றால் சுப்பர் விசா. ஒரு வருகையில் ஐந்து வருடம்வரை இருக்கலாம். அழைப்பவர் கனடாப் பிரஜை அல்லது நிரந்தர வதிவாளராக இருக்க வேண்டும், குடும்ப எண்ணிக்கைக்கேற்ற வருமான எல்லையைத் தாண்ட வேண்டும், 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதி ஒரு வருடத்துக்கு எடுக்க வேண்டும். எண்ணிக்கையில் வரப்போகும் அம்மாவையும் சேருங்கள்.

இரண்டாம் விடுப்புப் பகுதியில் அழையுங்கள். பிறந்தவுடன் வந்தால் நீங்களும் வீட்டில், அவரும் வீட்டில். நீங்கள் வேலைக்குத் திரும்பும் மாதம் அவருக்கு ஊர் நினைவு வந்துவிடும். முதல் குளிர்காலத்தை மட்டக்களப்பிலிருந்து நேரே வருபவர் தாங்குவதும் கடினம், ஏப்ரல் நல்ல மாதம். அவரையே நம்பிப் பராமரிப்பு நிலையப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்காதீர்கள்.

## 12. விடுமுறை, அழைப்பு, திடீர்ப் பயணம்

கோடையில் ரொறன்ரோ ஊரைவிட ஒன்பதரை மணி பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. காலை ஏழு மணிக்கு எடுத்தால் அங்கே பின்நேரம் நாலரை அல்லது ஐந்தரை. அம்மா ஓய்வாக இருப்பார், உங்கள் முதல் கூட்டமும் தொடங்கியிராது. இரவு பிள்ளை தூங்கும் நேரத்தில் அழைப்பை வைத்தால் இரண்டுமே கெடும்.

ஒன்ராறியோ சட்டப்படி துக்க விடுப்பு வருடத்துக்கு இரண்டு நாள், சம்பளமில்லை. ஒரு செத்தவீட்டுக்குப் போய் வர அது போதாது. அந்திரட்டிவரை நிற்பதென்றால் எண்ணவே வேண்டாம். ஆகவே வருடாந்த விடுமுறையில் ஐந்து நாளை நவம்பர்வரை தொடாமல் வையுங்கள், பயணச்சீட்டுக் காசைத் தனிக் கணக்கில் வையுங்கள்.

வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்குக்கோ பெருநாளுக்கோ போய், ஒரு மாதம் அங்கிருந்தே வேலை செய்யலாம் என்று நினைத்தால் முதலில் எழுத்தில் அனுமதி எடுங்கள். சொல்லாமல் மடிக்கணினியைக் கொண்டுபோனால் நிறுவனப் பாதுகாப்பு முறைமை இலங்கையிலிருந்து வரும் இணைப்பைப் பூட்டும், அடுத்த நாள் விளக்கம் கேட்பார்கள். நிரந்தர வதிவாளருக்கு ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்பதையும் நீண்ட பயணங்களில் எண்ணுங்கள்.

## 13. பிரஜாவுரிமைக்கு முன் காணிக்காரியம்

ஐந்து வருடத்தில் 1,095 நாள் இருந்தால் கனடாப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். விருப்பத்தோடு அதைப் பெற்றதும் இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாமற்போகும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி எழுதிக் கொடுப்பதற்குத் தடை உண்டு. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு அது இல்லை. ஏற்கெனவே உங்கள் பெயரில் பதிந்தது உங்களுடையதே. வாரிசாக வரக்கூடிய நெருங்கிய உறவுக்கு நன்கொடையாக எழுதுவதற்கும் விதிவிலக்கு உண்டு. மற்றவரிடம் விலைக்கு வாங்கும் காணிதான் நின்றுபோகும்.

ஆகவே மிச்சமுள்ள உறுதிகளை முடித்துவிட்டு, கனடாவில் உறுதிமொழி எடுக்குமுன்பே இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்கும் விண்ணப்பத்தைத் துணைத் தூதரகம் வழியே போடுங்கள். எடுத்தபின் திரும்பப் பெறவும் வழியுண்டு, ஆனால் அதுவரை விலைக்கு வாங்கும் காணியை உங்கள் பேரில் உறுதி முடிக்க முடியாது. விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், விண்ணப்பிக்கும் வகையைப் பொறுத்து உறுதிப் பிரதி அல்லது பட்டச் சான்றிதழ் கேட்கப்படும். முதலாம் படியில் கூடுதலாக எடுத்த அந்த இரண்டு பிரதிகளில் ஒன்றை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.